இருட்டில் திசை தவறாத எலிகள்

ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்துப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ரிட்டயர் ஆனவன் பழைய ஆபீசுக்குப் போவது, அழைப்பில்லாத கல்யாணத்தில் பந்தியில் உட்காருவது மாதிரி. மரியாதையாகத்தான் இலை போடுவார்கள், ஆனால் எப்போது எழுந்திருப்பான் என்று பார்த்துக்கொண்டே பரிமாறுவார்கள். சென்ற மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே கூப்பிட்டார்கள். வயர் இல்லாத கருவி வந்திருக்கிறது, ஒருமுறை வந்து பாருங்கள் சார் என்றார்கள். ஆசை யாரை விட்டது, போனேன்.

எலியின் தலையில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. கூரையிலிருந்து தொங்கும் கம்பி இல்லை, ஸ்பீக்கர் இல்லை. எலி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மூளை செல் எப்போது துடித்தது என்று கம்ப்யூட்டரே பிரித்து வைத்துவிடுமாம். சத்தத்தைக் கேட்க மாட்டீர்களா என்று கேட்டேன். எந்தச் சத்தம் சார் என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவளே, "நீங்க எல்லாம் எலியோட ரூமுக்குள்ளயே உட்காந்திருப்பீங்களாமே சார், அப்புறம் ஏன் விட்டீங்க?" என்றாள். அதை வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அந்தப் பெண்ணுக்கு.

நான் கோயம்புத்தூரில் விலங்கியல் படித்துவிட்டுத் திரும்ப மலையேறியவன். அப்பா குன்னூர் மார்க்கெட்டில் ஒரு மண்டியில் குமாஸ்தா. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய மேனேஜர் பங்களாவில் மூளை ஆய்வகம் வைத்திருந்தார்கள். அங்கே டெக்னிகல் அசிஸ்டென்ட் கதிர்வேலு என்று எனக்குப் பேர். முதல் இரண்டு வருடம் நான் செய்தது கம்பி முறுக்கும் வேலை ஒன்றுதான். தலைமுடியைவிட மெல்லிய நாலு கம்பிகளைச் சேர்த்து ஒரே இழையாக முறுக்க வேண்டும். நடுவில் ஒரு தும்மல் வந்தால் காலையிலிருந்து செய்தது போச்சு. குன்னூர்க் குளிரில் தும்மாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டதுதான் என் பயிற்சிக் காலம்.

அந்த இழைகளை மயக்க மருந்து கொடுத்து எலியின் மூளைக்குள் வைப்பார்கள். எலி தேறி, தின்று, பழையபடி திமிர் பிடித்த பிறகு எங்கள் வேலை ஆரம்பிக்கும். தலையில் இருக்கும் சின்னத் திருகாணியைத் தினமும் கொஞ்சம் திருப்பி, இழையைக் கீழே இறக்கிக்கொண்டே போவோம். மூளையில் துடிக்கும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்திருப்போம். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு நாள், வாணலியில் நெல் பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம் வரும். ஒரு செல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எலி ஒரு இடத்துக்குப் போனால் மட்டும் பொரிகிற செல் உண்டு. அறையின் இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று. அவை இட செல்கள். இன்னொரு வகை, இடத்தைப் பற்றிக் கவலைப்படாது. எலி எங்கே நின்றாலும் சரி, ஓடினாலும் உட்கார்ந்தாலும் சரி, தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்த்தால் மட்டும் பொரியும். தலையைத் திருப்பினால் நின்றுவிடும். இவை திசை செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பக்கம். எல்லாம் சேர்ந்தால் மண்டைக்குள் ஒரு திசைகாட்டி. ஆனால் கடையில் விற்கிற திசைகாட்டி மாதிரி வடக்கை அறிந்தது இல்லை. சுவரில் ஒரு வெள்ளை அட்டையை மாட்டினால் அதை வைத்துக் கணக்குப் போடும். அட்டையைக் கால் வட்டம் நகர்த்தினால் மண்டைக்குள் இருக்கும் திசைகளும் கால் வட்டம் நகர்ந்துவிடும்.

செல்களின் துடிப்பைப் பதிவு செய்கிற எங்கள் பதிவு அறையின் நான்கு பக்கங்களுக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். கதவு, தேயிலை, ரோடு, மலை. சுவருக்கு வெளியே என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். நடுவில் வட்டமான மேடை, மேடையைச் சுற்றிக் கறுப்புத் திரை. எலிகளுக்குக் கட்டுரையில் எண்தான் உண்டு; நான் மலை ரயில் ஸ்டேஷன்களின் பெயரை வைப்பேன். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று. ஓடுவதற்குக் கூலியாக, டீயில் தொட்டுச் சாப்பிடும் வர்க்கியின் தூளைப் போடுவோம். மற்ற ஊர் ஆய்வகங்களில் ஏதேதோ வெளிநாட்டுத் தீனி வாங்குகிறார்கள். ஊட்டி வர்க்கிக்கு ஓடாத எலியை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே டாக்டர் மனோன்மணி. கோயம்புத்தூர்க்காரர், ஆய்வகத்தை ஆரம்பித்ததே அவர்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "இன்னொருக்கா பார்த்துரலாங்களா?" என்பார். அதுதான் அவர் திட்டும் முறை; அதைக் கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். பதிவு அறைக்குள் வருகிறவர்கள் பவுடர் போடக்கூடாது, சென்ட் கூடாது, பெண்கள் பூ வைக்கக்கூடாது, வாசனைச் சோப்பும் கூடாது. எலிக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது என்பார். ஒவ்வொரு முறையும் மேடையின் காகிதத்தை மாற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். எலியை மூடிய பெட்டியில் வைத்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தூக்கிவந்து மேடையில் விடுவோம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று அதற்குத் தெரியாமல் இருப்பதற்காக.

மேடத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. பதிவு நடக்கும்போது திரைக்கு வெளியே, கதவுப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு செல்லின் சத்தத்தைக் கேட்பார். பேச மாட்டார், அசைய மாட்டார். நான் பக்கத்து அறையில், செல் பொரிவதைக் கோடாகக் காட்டும் மானிட்டர் முன்னால் இருப்பேன். மாணவர்கள் வருவார்கள் போவார்கள், ஆனால் அந்த ஸ்டூலில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. கருவியை மட்டும் பார்க்கிறவனுக்குக் கருவிதான் தெரியும், எலியோடு உட்கார்ந்தால்தான் எலி தெரியும் என்பது அவர் கட்சி. எத்தனையோ பேராசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். தன் எலியோடு இப்படி வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர் வேறு ஒருவர் கிடையாது. அதில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இருட்டுச் சோதனை. கரண்ட் போன வீட்டில் நாம் அடுப்படிக்குப் போய்விடுவோம், தீப்பெட்டியும் எடுத்துவிடுவோம். ஆனால் அதே இருட்டில் அரை மணி நேரம் சுற்றினால் கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் வரும். நம் நடையை வைத்து மூளை போடுகிற கணக்கில் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். எலிக்கும் அப்படித்தான் என்பது உலகத்துக் கருத்து. விளக்கை அணைத்தால் திசை செல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு மெல்ல நழுவி, தேயிலைப் பக்கம் பொரிந்தது ரோட்டுப் பக்கம் பொரிய ஆரம்பிக்கும். எங்கள் எலிகள் நழுவவில்லை. எவ்வளவு நேரம் இருட்டில் விட்டாலும் அதே பக்கம்தான். வெளியிலிருந்து எந்த அடையாளமும் இல்லாமல், உள் கணக்கு மட்டுமே போதும் என்று மேடம் எழுதினார். பாடப் புத்தகத்திலேயே அதைக் குறிப்பிட்டார்கள். வேறு ஊர்களில் செய்து பார்த்தவர்களுக்கு அது வரவில்லை. அவர்கள் எலியில் கோளாறு, அல்லது கையில் கோளாறு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் இளக்காரமாகவே நினைத்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் புவனேஸ்வரி ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். புவனா என்று கூப்பிடுவோம். பந்தலூர்ப் பெண். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. இருட்டுச் சோதனையின் அடுத்த படிதான் அவள் தீஸிஸ். உள் கணக்கு மட்டுமே போதும் என்றால், அந்தக் கணக்கை மூளையின் எந்தப் பகுதி செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு முடிகிற நிலைக்கு வந்திருந்தது. அவளுடைய உதவித்தொகை சித்திரையோடு நின்றுவிடும். தீஸிஸ் கொடுத்தவுடன் வந்து சேரலாம் என்று வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து சொல்லியிருந்தார்கள். பந்தலூர் முழுக்க அவள் அப்பா அதைச் சொல்லிவிட்டார் என்று வெட்கப்பட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் மேடத்துக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பதிவை நிறுத்தக்கூடாது என்று படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பினார். அப்போது எங்களிடம் இருந்த எலி ரன்னிமேடு. அருமையான திசை செல் ஒன்று அதில் கிடைத்திருந்தது. தேயிலைப் பக்கம் தலை திரும்பினால் பொரியும், வேறெங்கும் மூச்சுவிடாது.

புவனா விளக்கை அணைத்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். இருட்டிலும் பார்க்கிற கேமரா ஒன்று மேடைக்கு மேலே உண்டு. செல் பொரியும்போதெல்லாம் எலியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து நான் குரல் கொடுக்க வேண்டும். தேயிலை என்றேன். தேயிலை, தேயிலை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ரோட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே பொரிகிறது. பிறகு ரோடு. அதற்குப் பிறகு மலை. என் கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாளும் அதே கதை. புவனாவின் முகம் செத்துவிட்டது. திருகாணி தளர்ந்திருக்கும் என்று பார்த்தோம், தளரவில்லை. கம்பிக்குச் சேதமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எலியின் காதில் சீழ் வைத்திருந்தால் திசைக் கணக்கு கெடும் என்பதால் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்து காட்டினோம். ரன்னிமேடு எங்கள் இருவரையும்விட ஆரோக்கியமாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். விளக்கு எரிந்தால் செல் ஒழுங்காக அட்டையைப் பிடித்துக்கொள்கிறது, அணைத்தால் நழுவுகிறது. வேறு எலியை வைத்துப் பார்த்தோம், அதுவும் நழுவியது. தன் கையில்தான் ஏதோ தப்பு என்று அந்தப் பெண் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்தாள்.

சில வாரம் கழித்து மேடம் திரும்பினார். உடம்பு பாதியாக இளைத்து, கழுத்தில் வழக்கமான பழுப்பு மஃப்ளரோடு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. முதல் நாளே எப்படிச் சொல்வது. புவனா விளக்கை அணைத்தாள். தேயிலை என்றேன். கடைசிவரைக்கும் தேயிலைதான். கொஞ்சமும் நழுவவில்லை. மேடம் கண்ணைத் திறந்து, நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புவனா மட்டும் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், உங்களுக்கு ஒண்ணும் தெரியலியா? ரூமெல்லாம் தைலம் மணக்குது" என்றாள்.

உள்ளே போய் மூச்சை இழுத்தேன். மணந்தது. பல வருடம் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் தெரிந்ததில்லை. மேடத்துக்கு முதலிலிருந்தே மூச்சுத் தொந்தரவு உண்டு. நெற்றியிலும் நெஞ்சிலும் நீலகிரித் தைலம் தேய்த்து, மஃப்ளரிலும் ரெண்டு சொட்டு விட்டுக்கொண்டுதான் வருவார். இந்த மலையில் யார் தேய்ப்பதில்லை? தலைவலியா தைலம், சளியா தைலம், பஸ்ஸில் குமட்டுகிறதா தைலம். பூவைத் தடுத்தோம், பவுடரைத் தடுத்தோம், சோப்பைக்கூடத் தடுத்தோம். தைலம் ஒரு வாசனை என்றே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடம் இல்லாத நாட்களில் எங்கள் மூக்கு அதை மறந்திருந்தது. திரும்பி வந்த அன்று பளிச்சென்று பிடித்துக்கொண்டது. வெளிச்சம் புகாமலும் குளிர் புகாமலும் இருக்க, வென்டிலேட்டர்கள் எல்லாவற்றையும் நானே காகிதம் ஒட்டி அடைத்திருந்தேன். காற்று அசையாத அறையில், கதவுப் பக்கம் ஒரு ஸ்டூல், அதிலிருந்து எப்போதும் ஒரே பக்கமாக வரும் மணம். இருட்டில் எலிக்கு வேறென்ன வேண்டும்?

புவனா சொல்லாமலே எனக்கு மீதியும் புரிந்தது. அவளுடைய மூன்று வருடம் மட்டுமில்லை. பாடப் புத்தகத்தில் ஏறிய அந்தக் கண்டுபிடிப்பின்போதும் இதே அறை, இதே ஸ்டூல், இதே தைலம்தான். மேடத்துக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு தீஸிஸைக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கோபம்கூட வந்தது அந்தப் பெண் மேல். கண்டுபிடித்தவள் ஏன் ஊரைவிட்டுப் போன பிறகு கண்டுபிடித்திருக்கக் கூடாது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் யோசித்த கதையை எலி ஆய்வகத்திலேயே நாங்கள் ரெண்டு பேரும் நடத்திக்கொண்டிருந்தோம்.

யோசித்துச் செய், அவசரப்படாதே என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரிஞ்சதுக்கப்புறம் அவங்களைத் திரும்பவும் அந்த ஸ்டூல்ல உட்கார வெச்சு ரெக்கார்டிங் எடுக்கச் சொல்றீங்களா சார்? எனக்குக் கை வராது."

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனோம். துணைக்கு நானும் வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"மேடம், நீங்க இல்லாதப்ப செல் நழுவுது. நீங்க வந்து உட்கார்ந்தா நழுவ மாட்டேங்குது. உங்க தைலம்தான் காரணம்னு நினைக்கிறேன்."

திருகாணியைப் பார்த்தாயா என்று மேடம் கேட்டார். பார்த்தேன் என்றாள். எலியின் காது? மேடைக் காகிதம்? வேறு எலியில் பார்த்தாயா? எத்தனை முறை? ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் நடுங்கியது, பதில் நடுங்கவில்லை. கேள்விகள் தீர்ந்ததும் மேடம் கழுத்திலிருந்து மஃப்ளரை அவிழ்த்து, முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே கண்ணு" என்றார். ஒரு குழந்தை சொல்வது போல இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பிறகு அதை மடித்து மேஜையில் வைத்தார். "இதை வெச்சுப் பாரு. நான் வெளிய இருக்கறேன். நீ எங்க வெக்கறேன்னு எனக்கும் சொல்லாத, கதிர்வேலுக்கும் சொல்லாத. குரல் குடுக்கறவங்களுக்குத் தெரியக்கூடாது" என்றார். தன் வாழ்நாள் வேலைக்கு வந்த சோதனைக்குக்கூட முறை தவறக்கூடாது அவருக்கு.

புவனா மார்க்கெட்டுக்குப் போய் அதே போல ஒரு புது மஃப்ளரை வாங்கி வந்தாள். தைலம் இல்லாதது. கையுறை போட்டுக்கொண்டு இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்தாள். அறையை இரண்டு நாள் திறந்து போட்டுக் காற்றாடவிட்டோம். நாங்கள் மூன்று பேரும் வாசனையில்லாத சோப்பில் குளித்துவிட்டு வந்தோம். கேமராவில் மேடை மட்டும்தான் தெரியும். திரைக்கு வெளியே எந்தப் பக்கம் எதை வைக்கிறாள் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

ஆரம்பித்தாள். விளக்கு அணைந்தது. தேயிலை என்றேன். தேயிலை. தேயிலை. அவள் எலியைப் பெட்டியில் எடுத்து, சுற்றி, மறுபடியும் இருட்டிலேயே விட்டாள். மலை என்றேன். நழுவி வந்த மலை இல்லை. எடுத்த எடுப்பிலேயே மலை, அங்கேயே நின்றது. நேர் எதிர்ப்பக்கம். மறுபடி எடுத்துவிட்டாள். ரோடு. அதுவும் அங்கேயே நின்றது. அடுத்த முறை தேயிலையில் ஆரம்பித்து, ரோட்டுக்கு நழுவி, மலைக்குப் போய், எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. இப்படியே மதியம் வரைக்கும் போயிற்று. விளக்கைப் போட்டதும் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது எதை எங்கே வைத்தாள் என்று சொன்னாள். தைல மஃப்ளர் கதவுப் பக்கம் இருந்தபோது தேயிலை. எதிரே ரோட்டுப் பக்கம் கொண்டுபோனதும் மலை. தேயிலைப் பக்கம் வைத்ததும் ரோடு. மண்டைக்குள் இருந்த திசைகள் எல்லாம் அந்த மஃப்ளரோடு சேர்ந்தே திரும்பியிருந்தன. புது மஃப்ளரை மட்டும் வைத்தபோதுதான் நிற்க இடமில்லாமல் சுற்றியது.

சொல்லிமுடித்துவிட்டு அழுதாள். வெளிநாடு போய்விட்டது என்று அழுதாளா, மேடத்துக்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்க சார் என்றாள்.

மேடம் வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மஃப்ளர் இல்லாமல் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றியிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"திரும்புச்சுங்களா?" என்றார்.

"திரும்பிருச்சுங்க மேடம். வெச்ச பக்கமெல்லாம் திரும்பிருச்சு. இல்லாதப்ப நழுவுதுங்க."

அவர் தலையை ஆட்டினார். எதிரே செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்துகொண்டிருந்தன.

"அப்ப இத்தனை வருஷமா அதுங்க இருட்டுல என்னையப் புடிச்சுட்டுத்தான் நின்னுருக்குதுங்க" என்றார்.

பிறகு எழுந்து உள்ளே போய் புவனாவிடம், நாளைக்கே எழுத ஆரம்பித்துவிடலாம் என்றார். பழைய முடிவு தவறு, காரணம் இது, நிரூபித்தவர் புவனேஸ்வரி என்று அதை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். புவனா பதறிப்போய், பழையதைத் தொடாமல் இதைப் புதிதாக மட்டும் எழுதலாமே, உங்கள் பெயர் என்னாகும் என்றாள்.

"அது தப்புன்னு எத்தனையோ ஊர்ல இருந்து எழுதுனாங்க கண்ணு. உங்க எலிக்கு என்ன கோளாறுன்னு அவங்களையத்தான் நான் திருப்பிக் கேட்டேன். அவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லோணுமில்ல?"

சொன்னபடியே செய்தார். பாராட்டியவர்களும் உண்டு, பின்னால் சிரித்தவர்களும் உண்டு. ஆய்வகத்துக்கு வருகிற விருந்தாளிகள் குறைந்தார்கள். புவனாவுக்குச் சொல்லியிருந்த வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. தீஸிஸைப் பாதியிலிருந்து திருப்பி எழுத வேண்டியிருந்தது. இருட்டில் எலியின் மூக்கு எப்படித் திசையைப் பிடிக்கிறது என்று புதுத் தலைப்பு. உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லி மேடம் ஏறாத படியில்லை. கொஞ்ச காலத்துக்குக் கிடைத்தது, அதற்கு மேல் கிடைக்கவில்லை. கடைசி மாதங்களில் அவள் குன்னூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே எழுதினாள். அவள் அப்பா பந்தலூரில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, எனக்குத் தெரியாது. இப்போது அவள் வேறொரு ஊரில் சொந்தமாக ஒரு அறை, சொந்தமாக எலிகள் என்று இருக்கிறாள். அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை அது.

அந்த மஃப்ளர் சோதனைக்குப் பிறகுதான் நாங்கள் எலியோடு உட்காருவதை விட்டோம். பதிவு நடக்கும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது என்ற விதியை எழுதிக் கதவில் ஒட்டியவரே மேடம்தான். ஒட்டிய பிறகு அவர் பதிவுக்கே வருவதில்லை. தன் அறையில் உட்கார்ந்து கணக்குகளைச் சரிபார்ப்பார். கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போவதை ஒன்றிரண்டு முறை பார்த்தேன்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, புவனாதான் அவரைக் கூப்பிட்டாள். பக்கத்து அறைக்கு ஸ்பீக்கரின் வயரை நீட்டிக்கொடுங்க சார் என்று என்னிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தாள். மேடம் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும். மூச்சு லேசாக இழுத்தது. புது எலி, புது செல். புவனா எலியை விட்டுவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தாள்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். செல் பொரிந்தது. மலை என்றேன். மலை. கொஞ்ச நேரம் மலை. அப்புறம் மலைக்கும் கதவுக்கும் நடுவில். எலி தைரியமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, வர்க்கித் தூளைப் பொறுக்கிக்கொண்டு, தான் நினைக்கிற பக்கத்தில் மலை இல்லை என்று தெரியாமல். கதவு என்றேன். என் குரல் எனக்கே சங்கடமாக இருந்தது. நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியதை அழித்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். தேயிலை என்று மெல்லத்தான் சொன்னேன்.

போதுமா மேடம், நிறுத்தட்டுமா என்று புவனா கேட்டாள். மேடம் கையைத் தூக்கி வேண்டாம் என்றார். கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

"எத்தனை அழகா வழி தப்புது பாருங்க, கதிர்வேலு" என்றார். "நான் கேட்டதே இல்லையே."